எவர் சொல்லை நம்புவது?

சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் படிக்க வருகிறவர்கள் சிவனைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாடம் சொல்வார். ஆனால் அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார், நூலின் சுபக்கம் என்ற பகுதியில் முதல் சூத்திரத்துக்குள் நுழையும் முன்பே அளவையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒன்றை அறிந்தேன் என்று எப்போது சொல்லலாம், எந்த வழியாக வந்த அறிவு செல்லும், எது செல்லாது என்கிற விசாரணை அது. கடவுள், உயிர், உயிரைக் கட்டும் மலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். 13ஆம் நூற்றாண்டில் பக்தியின் நடுவே நின்று எழுதிய ஒருவர், பேச்சைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் பேசினாரே என்று எனக்கு ஒரே வியப்பு. ஏனென்றால் வாரத்தின் மற்ற நாட்களில் நான் வேதாரண்யம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறவள். அங்கே இந்தக் கணக்கைத் தீர்க்காமலே நாங்கள் பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

அளவைகளைப் பத்து வரை எண்ணுவார்கள். சித்தாந்தம் அவற்றை மூன்றில் அடக்கும். பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைப் பார்த்து நெருப்பை அறிவது கருதல். இவ்விரண்டும் எட்டாத இடத்தில், நம்பத்தக்கவர் சொன்ன சொல் உரை. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லித் தரும் பௌத்த அளவை முதல் இரண்டோடு நின்றுவிடும். உரைக்குத் தனி இடம் கிடையாது. பெரியவர்களின் சொல்லும் இந்த இரண்டில் ஒன்றால் நிற்க வேண்டும். சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் நடந்த பெரிய வழக்கில் இது ஒரு முக்கியமான கிளை.

வழக்கு முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் தினமும் நடக்கிறது. பிள்ளையின் கையில் இருக்கும் அறிவியல் புத்தகம் காட்சியும் இல்லை, கருதலும் இல்லை. அது உரை. யாரோ பார்த்து, யாரோ கருதி, கடைசியில் வாக்கியமாக வந்து சேர்ந்தது. அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளை அறிவியல் படிக்கவில்லை, ஆகமம் ஓதுகிறது. ஆகமம் ஓதுகிறவருக்காவது யார் சொன்னது, ஏன் நம்புகிறோம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பானைக்குள் பானை என்றொரு சோதனை உண்டு. பெரிய மண்பானைக்குள் சின்னதை இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி, மணலை நனைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூட வேண்டும். வெளிப்பானையின் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உள்பானை குளிரும். மின்சாரம் வேண்டாம். நைஜீரியாவின் வடபகுதியில் மொகமது பா அப்பா என்ற ஆசிரியர், பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், 1990களில் இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் இந்தப் பானையில் 27 நாள் தாங்கியது. காய் தாங்கியதால், தினமும் சந்தைக்குக் கூடை சுமந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடிந்தது. 2000இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அறிவியலையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துச் சொல்லித் தருகிறவர்கள் பலரின் கைப்பெட்டியில் இந்தப் பானை இன்று இருக்கிறது.

எங்கள் வகுப்பில் இதைச் செய்தது ஒரு கார்த்திகை மாதத்தில். பானை இரண்டும் சந்தையில் வாங்கியது. மணலைப் பிள்ளைகளே அள்ளி, சலித்து, சிப்பி பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி உள்பானைக்குள் தொங்கவிட்டோம். இன்னொன்றை வெளியே சன்னல் கம்பியில் கட்டினோம். காலையில் வைத்தது, மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். வெளியே 27 டிகிரி. உள்ளே 26.

அந்த ஒரு டிகிரியை நான் மறக்க மாட்டேன். வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. புத்தகம் பொய் என்றார்கள் சிலர். பானை சரியில்லை, வேக்காடு அதிகம் என்று ஒரு கட்சி. தெர்மாமீட்டரின் குமிழ் பானைச் சுவரில் பட்டிருக்கும், அதனால் தப்பாகக் காட்டுகிறது என்றான் ஒருவன். அவன் சொன்னது சித்தியாரில் உள்ள விஷயம்: காட்சியை அளவையாக எடுத்துக்கொள்ளும் முன் ஐயமும் திரிபும் நீங்கியிருக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கைவைத்தான். நூலைச் சரிசெய்து, மறுபடி பார்த்தோம். அதே 26.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள். அவளுடைய அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். "மழ நாள்ல உப்பே விளையாது டீச்சர். கொண்டக்காத்து அடிச்சாலும் விளையாது. கச்சான் அடிச்சாத்தான் பாத்தியில தண்ணி சீக்கிரம் சுண்டும்னு எங்கம்மா சொல்லும். இதுவும் தண்ணி சுண்டுறதுதானே?"

அவ்வளவுதான். கொண்டல் ஈரக்காற்று, கச்சான் வறண்ட காற்று. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாக இடமில்லை. ஆவியாகவில்லையென்றால் குளிர்ச்சி இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் பள்ளியில் இருக்கும் என் தங்கையிடம் சொன்னேன். அவள் பங்குனி வெயிலில் தன் பிள்ளைகளோடு அதே மாதிரி பானை வைத்தாள். நிழலில் 37, பானைக்குள் 28. ஒன்பது டிகிரி. நைஜீரியாவின் வடக்கும் அப்படிப்பட்ட வறண்ட பூமிதான். புத்தகம் பொய் சொல்லவில்லை. எந்தக் காற்றில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தது. அந்தப் பெண் செய்தது கருதல். கண்ணால் கண்டது ஒரு டிகிரி. அம்மா சொல்லக் கேட்டது உப்புப் பாத்தி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் காரணத்தை அவளாகவே எட்டிப் பிடித்தாள். மூன்று அளவையும் ஒரே பாடவேளையில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கூடி வந்ததை நான் பார்த்தேன். மண்டபத்தில் பாடம் கேட்டபோது இத்தனை தெளிவாக எனக்குப் புரிந்ததில்லை.

இப்படிப் படிக்க முடியும் என்று நம் நாட்டில் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த குவேக்கர்களின் கிராம மையமும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தில் முடிவுகளை எழுதிவைக்காமல் கேள்விகளை எழுதினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் சாமான் பெட்டி. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் விடை புத்தகத்தில் இல்லை. சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கி, என்ன கேள்வி இருந்தாலும் அவருக்குக் கடிதம் போடு என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் போட்டார்கள். பதிலும் வந்தது. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் போய், ஏகலவ்யா நிறுவனத்தின் பொறுப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு லாரிக் கம்பெனியில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது அங்கேதான். அவர் காட்டிய வழி இது: சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னச் சின்னதாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் அதுவே மூட்டு. மூன்று குச்சியில் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியில் சதுரம், தொட்டாலே சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சி கொடுத்தால் விறைத்து நிற்கும். மின்கோபுரத்திலும் பாலத்திலும் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்பதை இதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அவர் குப்பையிலிருந்து செய்த பொம்மைகளால் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். என் வகுப்பும் அதில் சேர்த்தி.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் மூலம் ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் சோதனைப் பெட்டியோடு வருகிறார்கள். வருகிற நாளில் பள்ளியே கலகலவென்று இருக்கிறது. அவர்கள் போன பிறகு அந்தக் கேள்விகளை உயிரோடு வைத்திருப்பது எங்கள் கையில்.

உப்பளத்துப் பெண்ணின் விடையை நான் கொண்டாடும்போது என் மனதில் ஒரு முள்ளும் சேர்ந்தே குத்துகிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது நேர்மையாக இருக்காது.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம். அதே ராஜாஜி 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். நாடே கொந்தளித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார். என் அம்மாவின் வீடு உட்பட எத்தனையோ வீடுகளின் முதல் தலைமுறைக்குப் பள்ளி முழு நாளாகக் கிடைத்தது அதனால்தான். கையால் செய்து படிப்பது என்று யார் பேசினாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காது கொடுத்து உஷாராகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பிள்ளையின் கையில் எந்தக் கருவி என்பதைப் பிறப்பு முடிவு செய்த நாடு இது. அளவையை இத்தனை நுணுக்கமாக ஆராய்ந்த அதே சமய மரபுகள், சில கைகளைத் தீண்டத்தகாத கைகள் என்று சொல்லிக் கோயில் வாசலில் நிறுத்தின. எந்தக் காட்சியும் எந்தக் கருதலும் அதற்குச் சான்று தரவில்லை. உரை ஒன்றைக் காட்டியே நிறுத்தினார்கள்.

காந்தி 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைத்தான் நடுவில் வைத்தது. ஆனால் அதன் சேவாகிராமப் பள்ளியில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் நடத்திய வகுப்பில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தக்ளி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துடைப்பம். என் மனதில் அளவுகோல் இதுதான். பானையை என் வகுப்பில் எல்லோரும் வைத்தார்கள்: உப்பளத்து வீட்டுப் பெண்ணும், கடைக்காரர் மகனும், குருக்கள் வீட்டுப் பையனும். அம்மாவின் அறிவு வகுப்புக்குள் வந்து எல்லோருக்கும் பாடமானது. அந்தப் பெண் உப்பளத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை. தாயின் அறிவுக்கு மரியாதை, பிள்ளையின் வழிக்கு விடுதலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கைவழிக் கல்வியை நான் ஏற்க மாட்டேன்.

இனி, இதை எழுத என்னை உட்காரவைத்த கேள்விக்கு வருகிறேன்.

பானைச் சோதனை முடிந்த சில நாளில், குமிழ் சுவரில் பட்டிருக்கும் என்று சொன்ன அந்தப் பையன் கேட்டான்: "புஸ்தகத்துல இருந்தத செஞ்சு பாத்தோம்ல டீச்சர். சாமி பத்திச் சொல்றதையும் அதேமாதிரி செஞ்சு பாக்கலாமா?" வகுப்பு அமைதியானது. நெற்றியில் திருநீறோடு நிற்கிற டீச்சர் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோருக்கும் ஆவல். செய்து பார்க்கக்கூடியதையெல்லாம் செய்து பார், பயப்படாதே என்றேன். அதை மனதார நம்பித்தான் சொன்னேன். ஆனால் அது பாதி விடைதான். மீதியை எனக்குள் தேட வேண்டியிருந்தது.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் வளையமாகத் தெரிந்தது. கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம். அன்றைக்கு அறிவியல் இயக்கத் தோழர்கள் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்தார்கள். எங்கள் ஊரிலும் அட்டையில் ஊசித்துளை போட்டு வெள்ளைத் தாளில் சூரியனை விழவைத்தோம். பிறகு ஒரு பிள்ளை தரையைக் காட்டிக் கத்தியது. வேப்பமர நிழலில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மண்ணெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள். குழந்தைகள் கையை நீட்டி உள்ளங்கையில் பிறையை ஏந்திக்கொண்டார்கள். சிலர் பிஸ்கட் சாப்பிட்டார்கள், சிலர் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகுதான் சாப்பிட்டார்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் கிரகணத்தில் உணவு நஞ்சாகும் என்பது கைக்கு எட்டுகிற செய்தி. உரை என்று சொல்லி அதை யாரும் காப்பாற்ற முடியாது. சித்தாந்தம் உரைக்குக் கொடுத்த இடம் காட்சியும் கருதலும் போகாத இடம். அதைத் தெர்மாமீட்டர் எட்டுகிற இடம் வரை இழுத்துவந்து நீட்டுகிறவர்கள் சமயத்துக்குத்தான் கேடு செய்கிறார்கள். பிள்ளை ஒருநாள் செய்து பார்ப்பான், பொய் என்று காண்பான், அதோடு திருவாசகத்தையும் சேர்த்து எறிவான். அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

இதுவரை நான் கையின் பக்கம் வாதாடினேன். கைக்கும் எல்லை உண்டு. அதையும் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தில் பொருளியலாளர் ஷூமாக்கர் 1966இல் தொடங்கிய நிறுவனம், இப்போது பிராக்டிகல் ஆக்ஷன் என்ற பெயரில் இருப்பது, பள்ளிகளுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. நேபாள மலையில் தக்காளி விளைவிக்கிறவர் அதை நசுங்காமல் கீழே கொண்டுவர என்ன செய்யலாம்? பிள்ளைகள் நூலும் அட்டையும் கொண்டு கம்பிவழி மாதிரி செய்து, நிஜத் தக்காளியை வைத்து இறக்கிப் பார்க்க வேண்டும். நேபாளத்தில் இது நிஜமாகவே ஓடுகிறது: பாரம் ஏற்றிய தொட்டி இறங்கும்போது அதே கயிற்றில் கட்டிய இலேசான தொட்டியை மேலே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். புவியீர்ப்பும் ஒரு தடைக்கட்டையும் போதும். அருமையான பாடம். வாத்தியார் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் தக்காளி நசுங்கினால் நசுங்கியதுதான். அதன் தீர்ப்பில் முகதாட்சணியம் இல்லை. எனக்கு ஒரே குறை, அது பிள்ளைக்குத் தூரத்து ஏழையைக் காட்டுகிறது. தன் தெருவின் சங்கடத்தில் தொடங்குகிற பாடம் இன்னும் ஆழமாக இறங்கும்.

ஆனால் தக்காளியை எப்படி இறக்குவது என்பதைத்தான் கயிறு சொல்லும். அந்த விவசாயியைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதைச் சொல்லாது. பானையும் அப்படித்தான். எண்ணெயையும் நிலக்கரியையும் இன்னும் பிறக்காதவர்களுக்கு மிச்சம் வை என்று எந்த வெப்பமானியிலும் கோடு போட்டிருக்கவில்லை. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இதைத்தான் கேட்டார். தேக்கி வைத்ததை எடுத்துத் தீர்க்கும் பொருளாதாரம் ஒன்று, ஓடிக்கொண்டிருப்பதை அள்ளிக்கொள்ளும் பொருளாதாரம் மற்றொன்று என்று பிரித்து, நிலைத்து நிற்பது எது என்று சிறையிலிருந்து ஒரு நூல் எழுதினார். 1945இல் வெளிவந்தது. நிலக்கரி தேக்கம், எங்கள் உப்பளத்தின் வெயிலும் காற்றும் ஓட்டம். கணக்குத் தணிக்கை படித்த அந்தக் கிறிஸ்தவருக்கு இது வெறும் கணக்கு இல்லை, இறைவனிடம் ஒப்புக்கொண்ட கடமை. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார். ஷூமாக்கர் பௌத்தப் பொருளாதாரம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவரை எடுத்தாள்கிறார். கிறிஸ்தவரான குமரப்பாவின் சொல் பௌத்தத்தின் பேரில் எழுதிய கட்டுரையில் போய் உட்கார்ந்தது எனக்குப் பிடித்த செய்தி. வருகிறவர்களுக்கு மிச்சம் வை என்பதில் சமயங்களுக்குள் வழக்கே இல்லை. அது உரை வழியாகத்தான் வந்திருக்கிறது: பாட்டியின் வாயால், அறநூலால், குமரப்பா போன்றவர்கள் வாழ்ந்து காட்டியதால். சோதனைப் பெட்டியில் அதற்குச் சாமான் இல்லை.

வேறொரு விதத்திலும் கை எட்டாது. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பூமியின் வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி கூடிவிட்டதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் அறிவித்தது. இந்த 1.1ஐ என் பிள்ளைகள் எந்தப் பானையில் பார்ப்பார்கள்? அவர்கள் கிழவர்களாகும்போது இந்தக் கடல் எங்கே நிற்கும் என்பதை எந்தக் கைக்காட்சியில் காண்பார்கள்? முழுக்க உரைதான். எவரோ அளந்தார்கள், எவரோ கருதினார்கள், நாம் கேட்டுக்கொள்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மேலேயே கரையைக் கடந்தது. முந்தின நாள் வானம் பார்த்து ஒன்றும் ஆகாது என்ற வீடுகளும் இருந்தன, வானிலை அறிவிப்பை நம்பி முகாமுக்குப் போன வீடுகளும் இருந்தன. தென்னந்தோப்புகள் அடியோடு படுத்த அந்த விடியற்காலையில், எவர் சொல்லை நம்புவது என்பது தத்துவ விசாரணையாக மட்டும் இருக்கவில்லை.

ஆகவே, உரையே வேண்டாம், எல்லாவற்றையும் நீயே செய்து பார் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போக முடியாது. அப்படிப் பழக்கினால், பனி பெய்த ஒரு நாளைக் காட்டிப் பூமி சூடாகவில்லை என்று சொல்கிறவனாக அவன் வளர்வான். எங்கள் பானையின் ஒரு டிகிரியைக் காட்டி ஆவியாதலால் குளிர்ச்சியே வராது என்று நின்றுவிடுவதும் அதே தவறுதான். எந்த உரை நம்பத்தக்கது என்று பிரித்தறியத்தான் பழக்க வேண்டும்.

இங்கே சித்தாந்தம் எனக்குக் கை கொடுக்கிறது. இறைவன் அருளிய நூலை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால், அதன் விடை பயமுறுத்தல் இல்லை. அவன் மலமற்றவன், தனக்கென்று வேண்டுவது ஒன்றும் இல்லாதவன், ஆகவே அவன் சொல்லில் பொய்க்குக் காரணம் இல்லை என்பதுதான் விடை. நான் விசுவாசி, அதை ஏற்கிறேன். ஏற்காதவரும் அந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். சொல்கிறவருக்கு இதில் என்ன ஆதாயம்? தன் தவறு வெளிப்பட வழி வைத்திருக்கிறாரா? எப்படிக் கண்டார் என்று சொல்கிறாரா, மறுபடி செய்து பார்க்க விடுகிறாரா? எண்ணெய்க் கம்பெனி பணம் கொடுத்து எழுதச் சொன்ன அறிக்கையையும், பல நாட்டு ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தி எழுதிய அறிக்கையையும் இந்தக் கேள்விகள் பிரித்துவிடும். கோயிலில் பயம் காட்டிக் காசு கேட்கிறவரையும், ஒன்றும் வாங்காமல் ஞாயிறு தோறும் பாடம் சொல்கிற பெரியவரையும் பிரித்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் புத்தகத்தில் படித்து வராது. தானே நூலில் தெர்மாமீட்டர் கட்டி, குமிழ் சுவரில் பட்டதா என்று சந்தேகப்பட்டு, மறுபடி பார்த்து, எதிர்பார்த்தது வராமல், அதை அப்படியே எழுதிய பிள்ளைக்குத்தான் தெரியும், ஒரு எண்ணைச் சொல்ல ஒருவர் எத்தனை பாடுபட்டிருக்க வேண்டும் என்று. கீலிங்கின் 315ஐ அவள் இனி வேறு மாதிரி வாசிப்பாள். கை எட்டாத இடத்தில் யாரை நம்புவது என்று பழகத்தான் கை எட்டுகிற இடத்தில் செய்து பார்க்கிறோம். அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த மீதி விடை இது. சாமியைப் பானையில் வைத்துப் பார்க்க முடியாதுடா தம்பி. ஆனால் சாமி பெயரால் பேசுகிறவரை என்ன கேட்க வேண்டும் என்று நீ பானையிடம் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வாரம் அவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டீச்சரையும் கேக்கலாமா?" என்றான். கேட்கலாம் என்றேன். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அரையாண்டுத் தேர்வில், மண்பானையில் நீர் குளிர்வது ஏன் என்று ஒரு கேள்வி வந்திருந்தது. விடைக்குறிப்பில் ஒரே வரி: நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பல பிள்ளைகள் அதை எழுதினார்கள். ஒரு தாளில் அந்த வரியோடு, காற்றில் ஈரம் அதிகமாக உள்ள நாளில், எங்கள் ஊரில் கார்த்திகையில், ஒரு டிகிரிதான் குறையும், நாங்கள் பார்த்தோம் என்றும் இருந்தது. குறிப்பில் இல்லாத வரிக்கு மதிப்பெண் கிடையாது என்று விதி. நான் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டு, ஏன் போட்டேன் என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி மறுபடி வரும்போது எந்த ஊர், எந்த மாதம் என்பதையும் கேட்க வேண்டும் என்று பாட ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அருப்புக்கோட்டைப் பிள்ளைக்கும் வேதாரண்யத்துப் பிள்ளைக்கும் விடையில் எண் வேறாக இருக்கட்டும். இரண்டும் சரி என்று திருத்துகிறவர் போட வேண்டும்.